கல்லில் விட்டுப்போன ஓர் எழுத்து

நேயர்களுக்கு வணக்கம்.

1979 முதல் 2019 வரை சேர்வராயன் மலையில் தபால் கொண்டுபோனவன் நான். ஏற்காட்டில் பையை வாங்கிக்கொண்டு, பஸ் போகிற இடம் வரை பஸ்ஸில் போய், அதற்கப்பால் காப்பித் தோட்டங்களுக்கு இடையே நடந்து சேர வேண்டிய ஊர்கள் என்னுடையவை. வழியெல்லாம் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். கார்த்திகையில் பனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு முன்னால் நிற்பவர் தெரியமாட்டார். நாய் குரைப்பதை வைத்து எந்த வீடு என்று அறிந்துகொள்வேன்.

ஊர் வாழ்க்கையைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டபோது எனக்கு ஒரே ஒரு வீடுதான் நினைவுக்கு வந்தது. அந்த வீட்டுக்கு நான் கொண்டுபோன காகிதங்களைப் பற்றியும், பல ஆண்டுகள் கழித்து அங்கே வந்த ஒரு தொலைபேசி அழைப்பைப் பற்றியும் பேசப் போகிறேன். அந்த வீட்டு அம்மாவின் சம்மதத்தோடு பேசுகிறேன். பெயரை மட்டும் வானொலியில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அவருடைய கணவர் மெட்ராஸ் ரெஜிமென்டில் சிப்பாய். நீலகிரியில் வெலிங்டனில் பயிற்சி முடித்து வடக்கே போனவர். மாதம் தவறாமல் மணியார்டர் வரும். ராணுவத்திலிருந்து வரும் தபாலில் ஊர்ப் பெயர் இருக்காது. படைப்பிரிவும் '56 ஏ.பி.ஓ.' என்பதும் மட்டும் இருக்கும். எழுதியவர் காஷ்மீரத்தில் இருக்கிறாரா, பஞ்சாபில் இருக்கிறாரா என்று அதை வைத்து வெளியார் கண்டுபிடிக்க முடியாது. அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. மணியார்டர் படிவத்தில் செய்தி எழுத ஒரு சின்னத் துண்டு உண்டு, கூப்பன் என்போம். நாலு வரிக்குத்தான் அதில் இடம். அவர் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் பத்து வரி எழுதிவிடுவார். பணத்தை எண்ணிக் கொடுத்த பிறகு திண்ணையில் உட்கார்ந்து நான் அதைப் படித்துக் காட்ட வேண்டும். அந்தப் பெண்ணுக்குப் படிக்கத் தெரியும். மாமியாருக்கும் சேர்த்து உரக்கப் படிக்க வேண்டும் என்பதற்காக என்னிடம் கொடுப்பார்.

கடைசி வரியில் சிப்பாயின் பெயரும் எண்ணும் இருக்கும். ராணுவத்தில் சிப்பாய்களின் எண் ஓர் ஆங்கில எழுத்தில் முடியும். அந்த எழுத்து வரைக்கும் படிப்பேன். பெயர் வரும்போது அந்தப் பெண் தலையைக் குனிந்துகொள்வார். கணவர் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் அந்தத் தலைமுறைப் பெண்களுக்கு இல்லை. மாதம் ஒருமுறை என் வாயிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டதுதான்.

1996 ஐப்பசியில் ஒரு தந்தி வந்தது. ஆங்கிலத்தில் மூன்று வரி. போஸ்ட்மாஸ்டர் அதை என் கையில் கொடுக்காமல் வெகுநேரம் மேசைமேல் வைத்திருந்தார். பிறகு, "நீதான் போக வேண்டும். உன்னை அவர்களுக்குத் தெரியும்" என்றார். அன்று மலையில் நல்ல மழை. தந்தியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன். வழியில் எதிர்ப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்களும் என் முகத்தைப் பார்த்துவிட்டு என் பின்னாலேயே வந்துவிட்டார்கள். நான் வீட்டை அடைந்தபோது எனக்குப் பின்னால் இருபது பேர் நின்றார்கள். சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

எங்கள் பக்கத்தில் துக்கச் செய்தி எழுதிய கார்டை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். படித்த இடத்திலேயே கிழித்துப் போட்டுவிடுவார்கள். தந்தியை மாமியார் வாங்கினார். கிழிக்கவில்லை. "என் பிள்ளையிடமிருந்து இனி வருவதற்குக் காகிதம் ஏது, தம்பி" என்று சொல்லி முந்தானையில் முடிந்துகொண்டார்.

இன்று எல்லையில் ஒருவர் இறந்தால் தேசியக் கொடி போர்த்திய உடல் சொந்த ஊருக்கு வருகிறது. மாவட்ட ஆட்சியர் வருகிறார், குண்டுகள் முழங்குகின்றன, பள்ளிப் பிள்ளைகள் பூவோடு சாலையோரம் நிற்கிறார்கள். இந்த வழக்கம் நிலைபெற்றது 1999 கார்கில் போரில். அந்தப் போரில் 527 வீரர்கள் உயிர் கொடுத்தார்கள். அதற்கு முன்பெல்லாம் பெரும்பாலும் இறந்த இடத்துக்கு அருகிலேயே உடன் இருந்த சிப்பாய்கள் தீ மூட்டிவிடுவார்கள். வீட்டுக்கு முதலில் தந்தி வரும், பிறகு அவருடைய இரும்புப் பெட்டி வரும். இந்த வீட்டுக்கும் அப்படித்தான் வந்தது. ஊர் அழுதது, கருமாதிக்குத் திரண்டது, முடிந்ததைச் செய்தது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிறகு அந்தப் பெயரைச் சொல்வது நின்றுபோயிற்று. கொஞ்ச காலம் 'மிலிட்டரிக்காரர் வீடு' என்றார்கள். மாமியாரும் போன பிறகு 'பென்ஷன்காரம்மா வீடு' ஆயிற்று. புதிதாக வந்தவர்களுக்கு நானும் அப்படித்தான் அடையாளம் சொல்லியிருக்கிறேன்.

இனி அந்தத் தொலைபேசி அழைப்பு. நான் ஓய்வு பெற்று, கீழே கன்னங்குறிச்சியில் மகனோடு இருக்க வந்துவிட்ட பிறகு நடந்தது இது. ஒரு நவம்பர் மாதம். ஓய்வூதியம் வாங்குகிற குடும்பங்களுக்கு நவம்பர் என்றாலே உயிர்வாழ் சான்றிதழ் நினைவுக்கு வந்துவிடும். "ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து பேசுகிறோம். உங்கள் சான்றிதழ் பதிவாகவில்லை. இன்றைக்குள் முடிக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும்" என்று ஒருவன் பேசியிருக்கிறான். ஓய்வூதிய ஆணை எண்ணைப் படித்துக் காட்டியிருக்கிறான். கைபேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைக் கேட்டிருக்கிறான். இவர் சொல்லிவிட்டார். பேத்தியின் நர்சிங் படிப்புக்காகச் சேர்த்து வைத்திருந்த ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் ரூபாய் கால் மணி நேரத்தில் போய்விட்டது.

ஒரு கல்யாணத்துக்காக மலைக்குப் போன நான் அந்த வீட்டுக்குப் போனபோது ஆறு நாள் ஆகியிருந்தது. அதுவரை அவர் மகளிடம்கூடச் சொல்லவில்லை. காப்பி கொடுத்துவிட்டு அடுப்படியில் நின்றபடியே சொன்னார். ஏனம்மா அந்த எண்ணைச் சொன்னீர்கள் என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அதற்கு அவர் சொன்ன பதிலை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. "அவன் அவர் பெயரைச் சொன்னான், அண்ணா. நாயக் என்று பதவியோடு சொன்னான். நம்பரைக் கடைசி எழுத்து வரைக்கும் சொன்னான். அதைக் காதால் கேட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவரோடு இருந்தவன் யாரோ பேசுகிறான் என்று நினைத்துவிட்டேன்."

களவு செய்தவன் குற்றவாளி. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் ஊர் சொல்லாமல் விட்ட பெயரைத்தான் அவன் கையில் எடுத்துக்கொண்டான். வாரம் ஒருமுறையாவது யாராவது அந்தப் பெயரை அந்த வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தால், முன்பின் தெரியாத ஒரு குரல் அத்தனை சொந்தமாகக் கேட்டிருக்காது. வயதானவர்களுக்கு விவரம் போதாது, அதனால் ஏமாறுகிறார்கள் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. அந்த அம்மா காப்பிக்கொட்டை வியாபாரியிடம் ஒரு படி குறையாமல் கணக்குப் பேசி வாங்குகிறவர்.

அன்றே 1930 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னோம், வங்கிக்கும் போனோம். இணையக் களவுக்காக நாடு முழுவதற்கும் இருக்கிற உதவி எண் அது. களவு போன பணம் ஒரே கணக்கில் தங்காது. ஒன்றிலிருந்து நாலாக, நாலிலிருந்து பத்தாகப் பிரிந்து ஓடும். உடனே சொன்னால், ஓடுகிற வழியில் எங்காவது வங்கிகள் அதை நிறுத்தி வைக்க முடியும். ஆறு நாள் கழித்துச் சொன்னதால் எங்களுக்கு ஒரு ரூபாயும் திரும்பவில்லை. அந்த ஆறு நாளையும் தின்றது வெட்கம். ஊர் சிரிக்கும் என்ற பயம். துக்கம் வந்த அன்று கேட்காமலே பின்னால் வந்த இருபது பேர் இருந்த ஊரில், பணம் போன அன்று ஒருவரையும் கூப்பிட அவருக்கு மனம் வரவில்லை.

நேயர்களுக்கு இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். உயிர்வாழ் சான்றிதழுக்காக எந்த ஓய்வூதிய அலுவலகமும் தொலைபேசியில் ஓ.டி.பி. கேட்காது. வங்கியில் கொடுக்கலாம், அஞ்சலகத்தில் கொடுக்கலாம். நடக்க முடியாதவர்கள் சொல்லி அனுப்பினால் தபால்காரரே வீட்டுக்கு வந்து, கைரேகை வாங்கி, எழுபது ரூபாய் கட்டணத்தில் முடித்துக் கொடுப்பார். எனக்குப் பின்னால் வந்த தபால்காரத் தம்பி இந்த வேலைக்காக மலையில் அலையாத ஊர் இல்லை.

மறு வருடம் இன்னொன்று நடந்தது. ஏற்காட்டில் தங்கும் அறைகள் வாடகைக்கு விடும் ஒருவருக்கு, தன்னை ராணுவ அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ஒருவன் பேசினான். பன்னிரண்டு ஜவான்களுக்கு அறை வேண்டும், முன்பணம் அனுப்புகிறேன் என்றான். சீருடையில் எடுத்த படமும் அடையாள அட்டையும் கைபேசிக்கு வந்தன. "ராணுவத்தில் பணம் கொடுக்கும் முறை வேறு. நான் அனுப்பும் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய எண்ணைப் போடுங்கள், பணம் வந்துவிடும்" என்றான். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை, கொடுப்பதற்குத்தான் தேவை. அறைக்காரருக்குச் சந்தேகம். அவர் செய்த நல்ல காரியம், கைபேசியோடு டீக்கடைக்கு வந்தது. அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் ஓய்வு பெற்ற ஒரு ஹவில்தார். கைபேசியை வாங்கி, எந்த யூனிட் என்று இந்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அழைப்பு துண்டிக்கப்பட்டது. ஹவில்தாருக்குக் கை நடுங்கிவிட்டது. அந்த அட்டையில் இருந்த முகம் உண்மையான ஒரு சிப்பாயின் முகமாக இருக்கலாம் என்பதுதான் அவருடைய கோபம். பணியில் இருக்கிற யாரோ ஒரு பிள்ளையின் அட்டையைத் திருடி அதை வைத்து ஊரை ஏமாற்றுகிறார்கள்.

அந்த டீக்கடைப் பெஞ்சில்தான் கல் நடுகிற பேச்சு தொடங்கியது.

கல் நடுவது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1965 வரை சேலம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த தருமபுரிப் பக்கத்தில் எத்தனையோ நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. ஆநிரை மீட்கப் போய் இறந்தவனுக்கு ஊரார் கல் நட்டு, அவன் பெயரையும் செய்த செயலையும் அதில் வெட்டினார்கள். பல ஊர்களில் அந்தக் கல்லை வேடியப்பன் என்று இன்றும் கும்பிடுகிறார்கள். செங்கம் பக்கத்தில் எடத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனோடு அவனுடைய நாயும் நிற்கிறது. திருடர் இருவரைக் கடித்துக் காத்தது என்று எழுதி, கோவிவன் என்று அந்த நாயின் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமம் தன் நாயின் பெயரைக்கூட விடவில்லை. முதல் உலகப் போரில் மெசப்பொத்தேமியாவில் இறந்த இந்தியச் சிப்பாய்களுக்கோ, பாஸ்ராவில் எழுப்பிய நினைவுச் சின்னத்தில் இத்தனை பேர் என்று எண்ணிக்கையை மட்டும் வெட்டினார்கள். அதிகாரிகளுக்குத்தான் பெயர். பெயரில்லாமல் போன அந்தச் சிப்பாய்களில் நம் மதராஸ் மாகாணத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். அதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும்.

எங்கள் கல்லில் மூன்று பெயர்கள். சுற்றிலும் உள்ள ஊர்களையும் சேர்த்துத்தான் மூன்று. மற்ற இருவரை ஊரே மறந்திருந்தது. நான் கொண்டுபோன தபாலை நினைவில் வைத்து வீடு வீடாகப் போய் உறுதி செய்துகொண்டோம். ஜீப் ஓட்டுகிறவர்களும் தோட்டத் தொழிலாளர்களும் காசு போட்டார்கள். கல்வெட்டுபவருக்கு எழுத்துக் கணக்கில் கூலி. தலைப்பெழுத்தோடு நிறுத்திக்கொண்டால் செலவு குறையும் என்று ஒருவர் சொன்னார். முழுப் பெயர், பதவி, எண், ஊர், ஆண்டு எல்லாம் வேண்டும் என்று ஹவில்தார் ஒரே பிடியாக நின்றார்.

ஜனவரி 25 மாலை பஸ் நிற்கும் இடத்தில் கல்லை நிறுத்தினோம். மறுநாள் எட்டரை மணிக்குக் கொடி ஏற்றுவதாகப் பேச்சு. எல்லாரும் கலைந்த பிறகு அந்த அம்மா மட்டும் கல்லருகே உட்கார்ந்து, கணவரின் வரியை விரலால் தடவிக்கொண்டே வந்தார். கடைசியில் விரல் நின்றது. "ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது, அண்ணா" என்றார். எண்ணின் முடிவில் வரும் அந்த எழுத்து. எண்ணுக்குப் பின்னால் எழுத்து எதற்கு என்று நினைத்துத் தாளில் எழுதிக்கொடுத்தவர் விட்டிருக்கிறார்.

கல்வெட்டுபவர் அதற்குள் சேலத்துக்கு இறங்கிவிட்டார். இரவே தொலைபேசியில் சொன்னோம். மறுநாள் முதல் பஸ்ஸில் உளியோடு வந்து இறங்கினார். பனி விலகவில்லை, எழுத்து சரியாகத் தெரியவில்லை. இரண்டு பேர் கைபேசி விளக்கைப் பிடித்துக்கொண்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். கொடியேற்ற வந்த தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. உளிச்சத்தம் மட்டும் கேட்டது. எழுத்து முடிந்ததும் அந்த அம்மா முந்தானையால் கல்தூளைத் துடைத்தார். பிறகு அந்த வரியை முதலிலிருந்து, பெயரோடு சேர்த்து, தன் வாயாலேயே படித்தார்.

அன்று நாங்கள் கொடி ஏற்றியபோது மணி ஒன்பதேமுக்கால்.