மிச்சமான நிமிடம் எங்கே போகிறது?

வணக்கம். தொழிற்சாலையில் ஒரு வேலைமுறையைத் திருத்த நல்ல யோசனை கையில் இருந்தும் நிர்வாகம் இசையவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் இதுதான்: எவ்வளவு நேரம் மிச்சம் என்று சொல்கிறோம்; அந்த நேரம் என்ன ஆகும் என்று சொல்வதில்லை.

ஒரு பிரஸ் மெஷினில் ஒரு நாளைக்கு 4 முறை டை (தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 50 நிமிடம். ஆக 200 நிமிடம் மெஷின் நிற்கிறது. அடுத்த டையை மெஷின் ஓடும்போதே பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, போல்ட்டுகளை ஒரே அளவாக்கி, டைகளின் உயரத்தையும் சமமாக்கினால் 20 நிமிடத்தில் முடியும் என்றால், 120 நிமிடம் மிச்சம். "சரி, அதனால் என்ன?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

ஆர்டர் காத்திருந்து, இந்த மெஷின்தான் எல்லாவற்றையும் தடுக்கிறது என்றால், 12 வினாடிக்கு ஒரு பீஸ் வீதம் 600 பீஸ் கூடுதலாகக் கிடைக்கும். ஓவர்டைம் ஓடுகிறது என்றால் அதில் 2 மணி நேரம் குறையும். இரண்டும் இல்லையென்றால் தயவுசெய்து "கூலி மிச்சம்" என்று எழுதாதீர்கள். சம்பளப் பட்டியல் மாறப்போவதில்லை, கணக்குப் பிரிவு அதை உடனே கண்டுபிடித்துவிடும். அதே 200 நிமிடத்தில் 10 முறை டை மாற்றலாம், லாட்டை (ஒரு டையில் ஒரே தடவையில் செய்து குவிக்கும் பீஸ்களை) 40 சதவீதமாகச் சுருக்கலாம், சரக்கில் முடங்கிய பணம் வெளியே வரும் என்று சொல்லுங்கள்.

இங்கே பலர் வழுக்கி விழுகிறார்கள். கையிருப்புச் சரக்கின் மதிப்பில் ஆலையின் நிலையான செலவிலும் (உற்பத்தி கூடினாலும் குறைந்தாலும் மாறாத செலவு) ஒரு பங்கு ஏறியிருக்கும். சரக்கு கரையும் மாதங்களில் அந்தச் செலவு லாப நட்டக் கணக்கில் வந்து இறங்கும். பணம் கூடியிருக்க, ஏட்டில் லாபம் குறைந்து தெரியும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் நல்ல திட்டத்தைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

அளவெடுப்பதிலும் கவனம் வேண்டும். பழைய டையின் கடைசி நல்ல பீஸிலிருந்து புதிய டையின் முதல் நல்ல பீஸ் வரை கணக்கிடுங்கள். போல்ட் முடுக்கும் நேரத்தை மட்டும் பார்த்தால், அதன்பின் சரிபார்த்துத் திருத்தும் நேரம் மறைந்துபோகும். எல்லா ஷிப்டிலும், குறைந்தது 10 வேலைநாள். கணக்குப் பிரிவிலிருந்து ஒருவரைத் தொடக்கத்திலேயே உடன் வைத்துக்கொண்டால், கூட்டத்தில் எண்ணைப் பற்றிய சண்டையே வராது.

ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ 1969-இல் டொயோட்டாவின் 1000 டன் பிரஸ்ஸில் 4 மணி நேர டை மாற்றும் வேலையை முதலில் 90 நிமிடமாகவும், பிறகு 3 நிமிடமாகவும் குறைத்தார். அருமையான சாதனை. ஆனாலும் அதை முன்னால் வைக்காதீர்கள். "அவர்கள் ஆலை வேறு" என்ற பதில் தயாராக இருக்கும். உங்கள் மெஷினின் 10 நாள் தாளுக்குத்தான் எடை.

கூட்டத்துக்கு முன்பே பராமரிப்பு, தரம், உற்பத்தித் திட்டம் ஆகிய பிரிவினரைத் தனித்தனியே பாருங்கள். ஆட்சேபம் அங்கேதான் உண்மையாக வெளிவரும். நிர்வாகத்திடம் ஒரே மெஷின், 30 நாள் சோதனை என்று கேளுங்கள்; ரிஜெக்‌ஷன் எந்த அளவைத் தாண்டினால் நிறுத்திவிடுவோம் என்பதையும் அதே தாளில் எழுதிக் கொடுங்கள். 30 நாள் முடிந்ததும் சரியாக அமையாத நாட்களையும் சேர்த்துக் காட்டுங்கள். மூன்றாம் மாதம் மறுபடி அளந்து பாருங்கள். பழைய அளவு போல்ட்டுகள் மறுபடி கலந்து, 20 நிமிடம் 35 ஆகியிருந்தால் அப்போது தெரியும்.