டயப்பர் புண் ஏன் ஆற மறுக்கிறது?

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் குழந்தைகள் நல மருத்துவர். கைக்குழந்தைக்கு டயப்பர் கட்டும் இடத்தில் வருகிற புண்ணைப் பற்றி, அதிலும் என்ன போட்டாலும் போகாமல் திரும்பத் திரும்ப வருகிற புண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

மழைக்காலம் வந்துவிட்டால் இந்தப் புண்ணோடு வரும் பிள்ளைகள் எங்கள் ஓபியில் கூடிவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் கடற்கரைப் பக்கம் துணி காயாது, காற்றிலேயே ஈரம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் நம் பக்கம் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கடலூரிலும் எத்தனையோ தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர். மாற்றுத் துணிக்கே வழியில்லாத இடத்தில் பிள்ளைக்கு ஒரே டயப்பரை நாள் முழுக்க விட்டுவைத்த தாயை யார் குறை சொல்ல முடியும்? அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டயப்பர் புண் வந்தால் தாய் சரியாகக் கவனிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. நன்றாகக் கவனிக்கிற வீட்டிலும் வரும்.

பாகூர் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணும் அவருடைய மாமியாரும் எட்டு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாமியார் மஞ்சப்பையிலிருந்து மூன்று ட்யூபுகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று அடிவரை சுருட்டிப் பிதுக்கப்பட்டிருந்தது. “டாக்டரம்மா, இதைப் போட்டா ரெண்டே நாள்ல சிவப்பு இறங்கிடுது. நிறுத்தினா மறுபடியும் வந்துடுது. ரெண்டு மாசமா இதே பாடுதான்” என்றார். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. டயப்பரைக் கழற்றும்போதே குழந்தை வீறிட்டது.

தொடை இடுக்கை விரலால் மெல்ல விரித்துப் பார்த்தேன். மடிப்பின் ஆழம் வரை ஈரமான, அடர்ந்த சிவப்பு. ஓரத்தில் மெல்லிய செதில். அந்தச் சிவப்பை விட்டுத் தள்ளி, பெரிய நிலத்தைச் சுற்றிக் கிடக்கும் தீவுகளைப் போல, சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். சிலவற்றின் தலையில் துளி சீழ். வாயைத் திறந்து பார்த்தால் கன்னத்தின் உட்புறம் வெள்ளைப் படலம். பால் என்றால் துடைத்தால் வந்துவிடும், இது வரவில்லை. இவ்வளவும் சேர்ந்து இருந்தால் பெரும்பாலும் பரிசோதனைக்குக்கூட அனுப்ப வேண்டியதில்லை. பூஞ்சைத் தொற்று. கேண்டிடா என்கிற பூஞ்சை.

இந்த மடிப்பு விஷயத்தை நீங்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். சாதாரண டயப்பர் புண் மூத்திரமும் மலமும் தோலில் தங்குவதால் வருவது. மூத்திரம் தோலின் அமிலத்தன்மையைக் குறைத்துவிடும். அப்போது மலத்தில் இருக்கிற செரிமான நொதிகளுக்கு வேகம் கூடி, ஊறிப்போன தோலை அரிக்கத் தொடங்கும். டயப்பர் எங்கெல்லாம் உரசுகிறதோ, அங்கெல்லாம் சிவக்கும்: பிட்டம், தொடை, அடிவயிறு. மடிப்புக்குள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மடிப்புக்குள்ளேயே சிவந்து, சுற்றிலும் புள்ளி புள்ளியாக இருந்தால் பூஞ்சை என்று சந்தேகப்படுங்கள். சாதாரண புண்ணாகத் தொடங்கி மூன்று நாளைத் தாண்டியும் ஆறாமல் இருந்தால், அதன் மேல் பூஞ்சை ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். இந்தப் பூஞ்சை எங்கிருந்தோ வருவதில்லை, பிள்ளையின் குடலிலேயே இருக்கிறது. சளி, காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் சிரப் கொடுத்த பிறகு குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியா குறைந்து, இதற்குக் கொண்டாட்டம் ஆகிவிடும். பேதியும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

சரி, அந்தச் சுருட்டிய ட்யூபுக்கு வருவோம். நான் இன்று பேச ஒத்துக்கொண்டதே அதற்காகத்தான். அதில் பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, கூடவே க்ளோபெட்டசால் என்ற மிக வீரியமான ஸ்டீராய்டு இருந்தது. வாங்கியது யாருக்குத் தெரியுமா? குழந்தையின் அப்பாவுக்கு, இடுப்பில் இருந்த படர்தாமரைக்கு. அவருக்கே அதைப் போட்டிருக்கக் கூடாது. வீட்டில் இருந்ததை எடுத்துப் பிள்ளைக்கும் போட்டிருக்கிறார்கள்.

ஸ்டீராய்டு சிவப்பை உடனே இறக்கும். எரிச்சல் அடங்கும், பிள்ளை தூங்கும், வீடே நிம்மதி ஆகும். ஆனால் தோலின் எதிர்ப்பை அடக்கித்தான் அந்தச் சிவப்பை இறக்குகிறது. சிவப்பு போன இடத்தில் பூஞ்சை சாகவில்லை, தடையில்லாமல் வளர்கிறது. நிறுத்தியதும் முன்பைவிட அகலமாக வருகிறது. மறுபடியும் அதே ட்யூப். மாதக்கணக்கில் ஆறாத புண்களில் பலவற்றுக்குப் பின்னால் நான் பார்ப்பது இந்தச் சுற்றுதான்.

ஆபத்து தோலோடும் நிற்பதில்லை. கைக்குழந்தையின் தோல் மெல்லியது. அதன் மேல் டயப்பரைக் கட்டும்போது களிம்பை இறுக்கி மூடிவைத்த கணக்கு. மருந்து பல மடங்கு உள்ளே போகும். இப்படி வாரக்கணக்கில் போனால் முகம் வட்டமாக உப்பும், எடை கூடும், உயரம் வளர்வது தடைப்படும், இரத்த அழுத்தம் ஏறும், உடல் தானாகச் சுரக்கிற ஸ்டீராய்டு அடங்கிப்போகும். பாகூர் குழந்தைக்குக் கன்னம் உப்பியிருந்தது. “புள்ள நல்லா கொழுகொழுன்னு இருக்கான்” என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். அதைக் கேட்டபோது எனக்குப் பதறியது. அப்படிப்பட்ட களிம்பை நீண்ட நாள் போட்டுவிட்டோம் என்று இப்போது தெரிந்தால், பயந்துபோய் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். உடல் மறுபடி தானாகச் சுரக்கும்வரை பார்த்துப் பார்த்துத்தான் குறைக்க வேண்டியிருக்கும்.

2018-லேயே மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனாலும் மெடிக்கலில் கேட்டால் கிடைக்கிறது. அட்டையில் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று எதைப் பார்த்தாலும் அதை நீங்களாகப் பிள்ளையின் டயப்பர் பகுதிக்குப் போடாதீர்கள். எரிச்சல் மிக அதிகமாக இருந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற மென்மையான வகையைச் சில நாளுக்கு மட்டும் நாங்களே எழுதித்தருவது உண்டு. அது வேறு.

பூஞ்சைக்கு என்ன மருந்து? பூஞ்சை மருந்து மட்டும் உள்ள, வேறெதுவும் கலக்காத களிம்பு. க்ளோட்ரிமசோல் 1 சதவீதம், மைகோனசோல் 2 சதவீதம், நிஸ்டாட்டின், இவற்றில் டாக்டர் எழுதித்தரும் ஒன்று. விலையும் பெரிதில்லை. முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். மடிப்பு நன்றாக உலரட்டும். பிறகு களிம்பை மெல்லிசாக, மடிப்புக்குள்ளும், அந்தப் புள்ளிகள் முடிகிற இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் வெளியேயும் தடவுங்கள். அதன் மேல் துத்தநாக ஆக்சைடு களிம்பைக் கெட்டியாகப் பூசுங்கள். அதைத்தான் ஜிங்க் ஆக்சைடு க்ரீம் என்று கடையில் கேட்பீர்கள். தோல் தெரியாத அளவுக்குப் பூசினால்தான் அது மூத்திரம் தோலில் படாமல் காக்கும். வரிசையை மாற்றி, ஜிங்கை முதலில் பூசினால் பூஞ்சை மருந்து தோலைப் போய்ச் சேராது. ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் அந்த வெள்ளையைச் சுரண்டி எடுக்க வேண்டாம். மலம் பட்டதை மட்டும் எடுத்துவிட்டு மேலேயே பூசலாம்.

பூஞ்சைக் களிம்பு நாளைக்கு இரண்டு மூன்று முறை. இரண்டு மூன்று நாளில் குறையத் தொடங்கும். அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். கண்ணுக்கு மறைந்த பிறகும் சில நாள் தொடர வேண்டும்; மொத்தத்தில் ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை ஆகும். வாயிலும் வெள்ளை இருந்தால் அதற்குத் தனிச் சொட்டு மருந்து. தாய்ப்பால் கொடுக்கிற பெண்ணுக்கு மார்புக் காம்பில் எரிச்சல், சிவப்பு இருந்தால் அவருக்கும் சேர்த்து மருந்து பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்க்கொண்டே இருக்கும். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைத்துவிடுகிற பெண்கள் நிறையப் பேர். தயவுசெய்து சொல்லுங்கள்.

டயப்பரே கெடுதலா என்று கேட்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஈரத்தை உறிஞ்சுகிற நல்ல டயப்பரை நேரத்துக்கு மாற்றினால், நனைந்த துணியைவிட அதுவே தேவலாம். துணியைக் கட்டி அதன் மேல் பிளாஸ்டிக் ஜட்டி போடுவதுதான் மிக மோசம். மலம் போனால் உடனே, மற்றபடி இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். புண் ஆறும்வரை பகலில் முடிந்த நேரமெல்லாம் ஒன்றும் கட்டாமல், பழைய வேட்டித் துணியை விரித்துப் படுக்கப்போடுங்கள். பாட்டிமார்கள் சொல்வதில் நான் முழுமனதோடு ஒத்துக்கொள்வது இதைத்தான். துணி கட்டுகிற வீடாக இருந்தால் வெந்நீரில் அலசி, சோப்பு துளியும் தங்காமல் பிழிந்து, வெயில் இல்லாத நாளில் இஸ்திரி போட்டு எடுங்கள். கிருமிநாசினி கலந்த தண்ணீரில் துணியை அலசுவதும், பிள்ளையை அதில் கழுவுவதும் எரிச்சலைக் கூட்டும். பவுடர் வேண்டவே வேண்டாம். மடிப்பில் திரண்டு உரசும், மூச்சிலும் போகும். அக்கி என்று நினைத்து, காவி எழுதிக்கொண்டு வருகிற பிள்ளைகளையும் பார்க்கிறேன். காவிக்கு அடியில் புண் கூடுகிறதா குறைகிறதா என்றே தெரியாமல் போய்விடுகிறது.

ஒழுங்காக ஒரு வாரம் மருந்து போட்டும் அசையவில்லை என்றால் அது வேறு நோயாக இருக்கலாம். மலம் போகிற இடத்தைச் சுற்றி வளையமாக, பளிச்சென்ற சிவப்பு, மலம் போகும்போது அழுகை, சில நேரம் இரத்தக் கீற்று என்றால் அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா. வாய்வழி ஆன்டிபயாடிக் தேவைப்படும். தேன் நிறப் பொருக்கு, நீர்க்கொப்புளம் என்றால் வேறு பாக்டீரியா. டயப்பர் இடத்தோடு வாயைச் சுற்றியும் விரல் நுனியிலும் புண், கூடவே பேதி, முடி உதிர்தல் இருந்தால் உடலில் துத்தநாகம் குறைந்திருக்கலாம். தாய்ப்பாலை நிறுத்திய பிறகு இப்படித் தொடங்கும் பிறவிக் குறை ஒன்று உண்டு. எத்தனை களிம்பு பூசினாலும் அது போகாது. துத்தநாகத்தை மருந்தாக உள்ளே கொடுத்தால் சில நாளிலேயே தெளிந்துவிடும். காய்ச்சல், சீழ், பால் குடிக்க மறுப்பது, சோர்ந்து கிடப்பது இவற்றில் எது இருந்தாலும் ஒரு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போங்கள். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளை என்றால் வீட்டில் எதையும் போட்டுப் பார்க்காமல் நேராகக் காட்டிவிடுங்கள்.

போகும்போது அதுவரை போட்ட ட்யூபுகள் எல்லாவற்றையும், காலியானதையும் சேர்த்து, ஒரு பையில் எடுத்துப் போங்கள். சமீபத்தில் கொடுத்த சிரப் பாட்டில்களையும் மறக்க வேண்டாம். டாக்டர் திட்டுவாரோ என்று வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். எங்களுக்கு முதலில் தேவைப்படுவது அவைதான். நன்றி, வணக்கம்.