ஆட்டுக்காரி கேட்ட கேள்வி

(பாளையங்கோட்டையில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட சட்டக் கல்லூரிப் பிள்ளைகளே, வணக்கம்.

அழைப்பிதழில் ‘சீரமைப்பு நீதி’ என்று போட்டிருக்கிறார்கள். சாலை போடும் காண்டிராக்டர் பேச வருகிறார் என்று யாராவது நினைத்திருந்தால் குற்றம் என்னுடையதல்ல. விஷயம் இதுதான்: குற்றம் செய்தவரும் அதனால் பாதிக்கப்பட்டவரும், பயிற்சி பெற்ற ஒரு நடுவரை வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் ஆட்டுத் திருட்டு வழக்கு. மானூர்ப் பக்கத்து மூதாட்டி ஒருவர். அவருடைய கிடையிலிருந்து மூன்று ஆடுகளை இரண்டு பையன்கள் பிடித்துக்கொண்டு போய் விற்றுவிட்டார்கள். நான் பையன்கள் தரப்பு வக்கீல். பாட்டியைக் கூண்டில் ஏற்றினார்கள். ஆடு உன்னுடையதா? அடையாளம் என்ன? காது எந்தப் பக்கம் வெட்டியிருக்கும்? சொன்னார், இறக்கிவிட்டார்கள். வராந்தாவில் என் முன்னால் வந்து நின்றார். “ஐயா, அதில் ஒன்று நிறைசினை. தெரிந்துதான் பிடித்தார்களா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.” அரசுத் தரப்புச் சாட்சியோடு நான் பேசக் கூடாது என்று நழுவிவிட்டேன். ஆட்டைப் பறிகொடுத்தவருக்கு அந்த வழக்கில் இருந்த இடம் அந்தச் சாட்சிக் கூண்டு மட்டும்தான்.

கனடாவில் எல்மிரா என்று ஒரு சிற்றூர். 1974இல் குடிபோதையில் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 இடங்களில் கார், ஜன்னல் என்று கண்டதையெல்லாம் நாசமாக்கினார்கள். அவர்களுக்குப் பொறுப்பான நன்னடத்தை அலுவலர் மார்க் யான்ட்சி, இவர்களை அந்த வீடுகளுக்கே அனுப்பினால் என்ன என்று கேட்டார். நீதிபதி ஒத்துக்கொண்டார். இருவரும் வாசல் வாசலாகப் போய் நின்று, செய்ததைச் சொல்லி, நஷ்டத்தைக் கேட்டு, சில மாதங்களில் கட்டினார்கள். ஒருவர் பல ஆண்டுகள் கழித்து, இதிலிருந்து வளர்ந்த சமரசப் பணிக்கே தொண்டராக வந்து சேர்ந்தார். பணம் கட்டியதைவிட, கதவைத் தட்டிவிட்டு உள்ளிருந்து காலடிச் சத்தம் வரும்வரை நின்றிருப்பார்களே, அந்த நிமிடம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நியூசிலாந்து, தன் பூர்வகுடிகளான மவோரி மக்களின் வழக்கத்தை ஒட்டி, சிறார் குற்றங்களுக்குக் குடும்பக் கூட்டம் கூட்டும் முறையை 1989இல் சட்டமாகவே ஆக்கியது.

இதெல்லாம் நம் சீமைக்குப் புதிதா? காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் முத்துப்பட்டனுக்கு இடம் இருக்கிறது. மாடு திருட வந்தவர்களால் கொல்லப்பட்டவன் அவன். வில்லுப்பாட்டில் அவன் கதையை முழுதாகக் கேட்டவர்கள் இங்கேயே பலர் இருப்பீர்கள். கொன்றவர் வழியில் வந்தவர்களே பயந்து பீடம் போட்டுக் கொடை விழா எடுக்கும் தெய்வங்களும் இந்தப் பக்கத்தில் உண்டு. தன் கதையை ஊர் உட்கார்ந்து கேட்கும் ஓர் இரவு செத்தவனுக்குக் கிடைக்கிறது. அது, உயிரோடிருந்த ஆட்டுக்காரிக்குக் கிடைக்கவில்லை.

சட்டத்தில் கொஞ்சம் வழி இருக்கிறது. திருட்டு வழக்கைப் பொருளின் சொந்தக்காரர் சமரசமாக முடித்துக்கொள்ளலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 320ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 359. லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றமும் அத்தகைய வழக்குகளை எடுக்கலாம். ஆனால் ராஜி என்றாலே நமக்குத் தொகைதான் நினைவுக்கு வருகிறது. எவ்வளவு, எப்போது, கையெழுத்து எங்கே. சினையாட்டைப் பற்றிக் கேட்க அதில் நேரமில்லை.

இப்போது பின்வரிசையில் இருக்கும் தம்பி மனத்துக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது: இது கட்டப் பஞ்சாயத்துதானே? நியாயமான சந்தேகம். ஊர் கூடி, ‘போனது போகட்டும், நாளைக்கும் ஒரே தண்ணீர்தான் குடிக்க வேண்டும்’ என்று அடிபட்டவன் வாயை அடைப்பதை நானும் பார்த்திருக்கிறேன். அங்கே அவன் பேசுவதற்கு முன்பே தீர்ப்பு முடிந்திருக்கும். சாதி குறுக்கே நிற்கும் வழக்கில் இந்த ஆபத்து பல மடங்கு. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டக் குற்றங்கள், சமரசமாக முடிக்கலாம் என்று சட்டம் சொல்லும் பட்டியலில் இல்லை. இல்லாததே சரி என்பேன்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனைப் பள்ளித் தோழர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு, மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்லும்படி அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அத்தகைய இடத்தில் இரு தரப்பையும் உட்காரவைக்கலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். வெட்டுப்பட்டவர் தானாகக் கேட்டாலொழியக் கூடாது. கேட்டாலும் வழக்கு அதன்பாட்டுக்கு நடக்க வேண்டும். பேச்சு அதற்கு மாற்றாகாது. அரிவாள் எடுப்பதற்கு முந்தைய கட்டம் வேறு. பையைப் பிடுங்குவது, பட்டப்பெயர் சொல்வது, பஸ்ஸில் இடம் மறிப்பது. அந்தக் கட்டத்திலேயே, சொல்லுக்கு ஆளான பிள்ளை சொல்வதை, சொன்ன பிள்ளை உட்கார்ந்து கேட்கும்படி செய்ய எத்தனை பள்ளிகளில் ஆள் இருக்கிறது?

அப்படியொரு கூட்டத்தை யாராவது இந்த ஊரில் நடத்துவதானால், அறைக்குள் நான்கு நாற்காலி போதும். பாதிக்கப்பட்டவர் தன் பக்கத்தில் யார் வேண்டும் என்று அவரே சொல்லட்டும். முதலில் அவரே பேசட்டும். ஊர்ப் பெரியவர்கள் வெளியே வேப்பமரத்தடியில் இருக்கட்டும். டீ நான் வாங்கிக் கொடுக்கிறேன்.