ஆர்.ஓ. வேண்டாம் என்றேன்! எங்கள் கிணற்றுத் தண்ணீரின் பி.எச். 5.6-இலிருந்து 7.2

மக்களே, வணக்கம். கையில் வழக்கமான கட்டன் சாயா இருக்கிறது, ஆனால் இன்றைக்கு முதலில் இந்த பி.எச். மீட்டரைப் பாருங்கள். தண்ணீரில் எவ்வளவு புளிப்பு, அதாவது அமிலத்தன்மை, இருக்கிறது என்று காட்டும்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். 7.2. தெரிகிறதா? இன்னும் கொஞ்சம் பக்கத்தில் காட்டுகிறேன். 7.2! போன மாதம் இதே கிணறு, இதே குழாய், 5.6 காட்டியது.

மோட்டார் மாற்றிய வீடியோவில் எங்கள் வாஷ்பேசினில் ஒரு நீலப்பச்சைக் கோடு இருந்ததைப் பார்த்து நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பாசி இல்லை அது. பித்தளைக் குழாயிலிருந்து கரைந்து வந்த செம்பு. எத்தனை தேய்த்தாலும் ஒரு வாரத்தில் திரும்ப வரும்.

தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்து நண்பர்கள் "உங்கள் ஊர்த் தண்ணீர் இனிக்குமே, உங்களுக்கு என்ன குறை" என்று எழுதுகிறீர்கள். உங்கள் சிக்கல் உப்பு. எங்கள் சிக்கல் அதற்கு நேர் எதிர்: உப்பே இல்லாத புளிப்புத் தண்ணீர். எங்கள் குமரி மாவட்டத்தில், மார்த்தாண்டம் பக்கம் கிணறு தோண்டினால் வெட்டுக்கல்தான் வரும், கேரளாவில் வீடு கட்டுவார்களே, அதே சிவப்புக் கல். காலங்காலமாகப் பெய்த மழை அதிலிருந்த சுண்ணாம்புச் சத்தை எல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விடுகிற கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொள்கிறது, சோடா மாதிரி. அந்தப் புளிப்பை அடக்க வழியில் சுண்ணாம்பு இல்லை. அப்படியே கிணற்றுக்கு வந்துவிடுகிறது.

இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரின் பி.எச். 6.5-இலிருந்து 8.5-க்குள் இருக்க வேண்டும். 5.6-க்கும் 6.6-க்கும் ஒரு புள்ளிதானே என்று நினைக்காதீர்கள், அது பத்து மடங்கு வித்தியாசம். புளிப்புத் தண்ணீரைக் குடித்ததும் உடம்புக்கு வந்துவிடும் என்று பயமுறுத்த எனக்கு விருப்பம் இல்லை. எலுமிச்சம்பழம் இதைவிடப் பல மடங்கு புளிப்பு. அந்தத் தண்ணீர் குழாயிலிருந்து எதைக் கரைத்துக் கொண்டுவருகிறது என்பதுதான் கவலை: செம்பு, துத்தநாகம், பழைய பித்தளையாக இருந்தால் ஈயமும்.

அதனால்தான் இந்தச் செம்புக் குடத்தில் ராத்திரி முழுக்கத் தண்ணீர் வைத்துக் குடிக்கிற பழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. மற்ற ஊரில் எப்படியோ, எங்கள் மாதிரித் தண்ணீர் உள்ள வீட்டில் செய்யவே கூடாது. காலையில் வாயில் ஒரு உலோகக் கசப்பு வருகிறதே, அது மருந்து இல்லை, குடத்தின் செம்பு!

சரி, ஆர்.ஓ. கதைக்கு வருகிறேன். விற்க வந்தவர், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை முக்கினார், 48 வந்தது. 48! சென்னையில் ஆர்.ஓ. போட்ட பிறகுதான் பல வீடுகளில் இந்த எண் வரும். அதைப் பார்த்தும் 18,500 ரூபாய்க்கு ஆர்.ஓ. போடச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தை அம்மாவிடம் கேளுங்கள். ஆர்.ஓ. உப்பை எடுக்கும், ஆனால் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு அதன் வடிகட்டும் சவ்வைத் தாண்டி வந்துவிடும். தண்ணீர் இன்னும் புளிப்பாகத்தான் போகும். கூடவே வாளி வாளியாகக் கழிவு நீர். அதற்குப் பிறகு புளிப்பை அடக்க "அல்கலைன் கார்ட்ரிட்ஜ்" என்று தனியாகக் காசு. அவற்றில் பலவற்றுக்குள் இருப்பது ஒரு கைப்பிடி கால்சைட். அதே கல்லை நான் 25 கிலோ மூட்டை 850 ரூபாய்க்கு வாங்கினேன்!

கால்சைட் என்றால் உடைத்துச் சலித்த சுண்ணாம்புக்கல். தண்ணீர் அதன் வழியாகப் போகும்போது புளிப்பு கல்லைக் கரைக்கிறது, கரைந்த கல் புளிப்பை அடக்குகிறது. புளிப்பு தீர்ந்ததும் கரைவதும் நின்றுவிடும். அளவு மீறிப் போகாது என்பதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது. மக்னீசியம் ஆக்சைடு கலந்த கலவையும் உண்டு, தண்ணீர் இன்னும் புளிப்பாக இருப்பவர்களுக்கு அது வேண்டியிருக்கும். ஆனால் தண்ணீர் உள்ளே தேங்கி நின்றால் பி.எச். எகிறிவிடும். அதனால் எனக்கு வேண்டாம் என்று விட்டேன்.

பொறுங்கள், மீட்டரைப் பற்றிச் சொல்லாமல் வந்துவிட்டேன். இந்த மஞ்சள் பேனா மீட்டர் முதலில் ஒரு நாள் 5.1, மறுநாள் 6.3 என்று காட்டியது. டப்பாவோடு 4.00, 6.86 என்று எழுதிய இரண்டு பொடிப் பாக்கெட் வரும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! ஒவ்வொன்றையும் 250 மில்லி டிஸ்டில்ட் வாட்டரில் கரைத்து மீட்டரைச் சரிசெய்ய வேண்டும். அந்தத் தண்ணீர் பேட்டரிக் கடையில் கிடைக்கும். அப்புறம், உப்பு குறைந்த தண்ணீரில் எண் நிலைக்க மூன்று நான்கு நிமிடம் ஆகும். பத்து விநாடியில் எடுத்துப் பார்த்தால் தப்பாகத்தான் வரும். தண்ணீரைக் கிணற்றடியிலேயே சோதிப்பது நல்லது. பாட்டிலில் கொண்டுபோகும் வழியிலேயே வாயு வெளியேறி எண் ஏறிவிடும்.

இதை வைத்தே ஒரு சோதனை செய்யலாம். பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள், மறுபடி அளந்து பாருங்கள். எனக்கு 5.6 என்பது 6.3 ஆனது. அப்படி ஏறினால் புளிப்புக்குப் பெரும்பங்கு காரணம் கார்பன் டை ஆக்சைடுதான். லேசான புளிப்பு உள்ளவர்களுக்கு, டேங்கில் தண்ணீர் விழும் இடத்தில் ஷவர் மாதிரிச் சிதற விட்டாலே போதுமானதாக இருக்கலாம்.

எனக்குப் போதவில்லை. 10 அங்குல அகலம், 54 அங்குல உயரம் உள்ள எஃப்.ஆர்.பி. வெசல் (ஃபைபர் உருளைத் தொட்டி) ஒன்று வாங்கி மோட்டார் லைனில் மாட்டினோம். கல் 50 கிலோ. ஆங், கல்லைக் கொட்டும் முன் நடுவில் இருக்கும் குழாயின் வாயை டேப்பால் மூடுங்கள், கொட்டி முடித்ததும் மறக்காமல் டேப்பை எடுங்கள். மேல்வரை நிரப்பவும் கூடாது, பேக்வாஷ் செய்யும்போது, அதாவது தண்ணீரைக் கீழிருந்து மேலாக விட்டுக் கல்லைக் கழுவும்போது, கல் எழும்ப இடம் வேண்டும். முதல் பேக்வாஷில் பால் மாதிரித் தண்ணீர் வரும். தெளியும்வரை விடுங்கள்.

எல்லாம் முடித்து ஆசையாக அளந்தால் 6.2! இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. கல் மோசமா, மீட்டர் மோசமா? கடைசியில் ஒரு வாளியும் கைபேசியும் எடுத்துக்கொண்டு டேங்குக்கு ஏறினேன். 16 லிட்டர் வாளி 24 விநாடியில் நிறைந்தது. நிமிடத்துக்கு 40 லிட்டர். கல்லைக் கரைக்க தண்ணீருக்கு நேரமே இல்லை.

பிளம்பர் அண்ணன் "பெரிய வெசல் போடலாம்" என்றார். நான் சொன்னேன்: அண்ணா, மோட்டாருக்கும் வெசலுக்கும் நடுவில் 'T' வடிவ இணைப்பு ஒன்று போடுங்கள், அதில் திறந்து மூட ஒரு முக்கால் அங்குல பால் வால்வு (ball valve), அதிலிருந்து ஒரு குழாயைத் திரும்பக் கிணற்றுக்கே விட்டுவிடலாம். மொத்தம் 410 ரூபாய்! வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தோம். வாளி 24 விநாடி, 40 விநாடி, ஒன்றரை நிமிடம், கடைசியில் சரியாக இரண்டு நிமிடம். நிமிடத்துக்கு 8 லிட்டர். மோட்டாருக்கும் சிரமம் இல்லை. பேக்வாஷுக்கு வேகமான தண்ணீர் வேண்டும், அப்போது வால்வை மூடினால் முழு வேகமும் கிடைக்கும். அன்று சாயங்காலம் 7.1, இன்றைக்கு 7.2. இந்த 410 ரூபாய் வேலையைப் போல இந்த வீட்டில் வேறு எதுவும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை.

டி.டி.எஸ். 48-இலிருந்து 106 ஆகியிருக்கிறது. அது கரைந்த கல், நல்லதுதான். அந்தக் கணக்கில் 1,000 லிட்டருக்கு ஏறக்குறைய 60 கிராம் கல் போகிறது. நாளுக்கு 500 லிட்டர் என்றால் வருடத்துக்கு 11 கிலோ. அரை மூட்டைகூட இல்லை! வாரம் ஒருமுறை பேக்வாஷ் செய்யாவிட்டால் கல் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும்.

"கிணற்றில் சுண்ணாம்பு போட்டால் போதாதா?" அம்மாவும் அதைத்தான் கேட்டார்கள், வருடாவருடம் போட்டவர்கள் அவர்கள். போட்டால் பி.எச். ஏறும், ஆனால் புது ஊற்று வர வர சில நாளில் இறங்கிவிடும். அளவு கூடினால் 8.5-ஐயும் தாண்டும். நீற்றாத சுண்ணாம்பு தண்ணீர் பட்டால் கொதிக்கும், கை பத்திரம்.

இந்தக் கல் கிருமியைக் கொல்லாது. நாங்கள் இன்னமும் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறோம். பழைய பித்தளைக் குழாய் உள்ளவர்கள் காலையில் முதலில் வரும் தண்ணீரைச் செடிக்கு விடுங்கள்.

அம்மா நேற்று ஒரு வாய் குடித்துவிட்டு "மக்கா, அந்த ஒரு மாதிரி ருசி போயிற்றே" என்றார்கள். வாஷ்பேசினைத் தேய்த்து எட்டு நாள் ஆகிறது, இதோ, வெள்ளையாகவே இருக்கிறது. மாடியில் டேங்க் நிறைந்து வழிகிற சத்தம் கேட்கிறது, மோட்டாரை அணைத்துவிட்டு வருகிறேன்.