கீட்டோன் என்ற அந்த ஒரு வரி

நேயர்களுக்கு வணக்கம். சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கையில் ‘கீட்டோன்’ என்பதற்கு நேரே ஒரு பிளஸ் அல்லது இரண்டு பிளஸ் இருப்பதைக் கண்டதும், சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று அஞ்சி வருபவர்கள் உண்டு. அந்த வரி சிறுநீரகத்தைப் பற்றியதன்று. உடல் அப்போது எதை எரித்து ஆற்றல் பெற்றது என்பதைப் பற்றியது.

உணவிலிருந்து கிடைத்த மாவுச்சத்து தீர்ந்துபோனாலோ, இன்சுலின் போதாமற்போனாலோ, சேமிப்பில் உள்ள கொழுப்பு கரைந்து கல்லீரலுக்குச் சென்று, அசிட்டோ அசிட்டேட், பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட், அசிட்டோன் என்னும் கீட்டோன்களாக மாறுகிறது. விரதம் இருந்தவருக்கும், சோற்றை அறவே ஒதுக்கி எடை குறைப்பவருக்கும் பிளஸ் வருவது இதனால்தான். மசக்கை வாந்தியிலும் வரும். ஆனால் குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லையென்றால் அந்தக் கர்ப்பிணி மருத்துவரைப் பார்க்கவேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளிக்கு இரத்தச் சர்க்கரை 250 மில்லிகிராமைத் தாண்டி, இரண்டு பிளஸுடன் வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமூச்சு ஆகியவையும் சேர்ந்தால், இரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கலாம். அமிலத்தேக்கம் எனப்படும் அது அவசர சிகிச்சைக்குரிய நிலை. மறுநாள் காலைவரை காத்திருக்கலாகாது.

பலரும் அறியாத ஒன்று, சிறுநீரில் நனைத்து நிறமாற்றம் பார்க்கும் பரிசோதனைப் பட்டையின் குறைபாடு. அது ஊதாவாக மாறுவது பெரும்பாலும் அசிட்டோ அசிட்டேட்டால் மட்டுமே. அமிலத்தேக்கத்தில் மிகுதியாகச் சேரும் பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட் அதற்குத் தெரியாது. ஆகவே ஆபத்து முற்றிய வேளையில் பட்டை குறைத்துக் காட்டலாம். சிகிச்சையில் அந்தப் பொருள் அசிட்டோ அசிட்டேட்டாகத் திரும்பும்போது, நோயாளி தேறிவரும் நேரத்திலேயே பிளஸ் கூடவும் செய்யலாம். மருத்துவமனையில் விரல்நுனி இரத்தத்தில் கீட்டோன் பார்ப்பதன் காரணம் இதுவே. அதில் 3 மில்லிமோலும் அதற்கு மேலும் அபாய அளவு. மூடி திறந்தே கிடந்த டப்பாவின் பட்டையை நம்பவே வேண்டாம்.

டாப்பாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகளை உட்கொள்பவர்கள் கூடுதலாகக் கவனிக்கவேண்டும். இவை சர்க்கரையைச் சிறுநீர்வழி வெளியேற்றுவதால், குளுக்கோமீட்டர் 180 காட்டும்போதுகூட அமிலத்தேக்கம் உண்டாகலாம். ‘சர்க்கரை சரியாகத்தானே இருக்கிறது’ என்ற ஆறுதலே இங்கு ஏமாற்றிவிடும். காய்ச்சலாலோ வாந்தியாலோ சாப்பிட முடியாத நாள்களில் இம்மாத்திரையை நிறுத்திவைப்பது பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திட்டமிட்ட அறுவை சிகிச்சை என்றால், இவ்விரண்டையும் குறைந்தது 3 நாள்களுக்கு முன்பே நிறுத்தவேண்டியிருக்கும் என்பதால், தேதி குறிக்கும்போதே மாத்திரையின் பெயரைச் சொல்லிவிடுங்கள்.