வெப் சர்வர் வேகத்துக்கு வரம்பு: லினக்ஸ் டிசி

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு டெர்மினல்தான் கதாநாயகன், என் முகம் ஓரத்தில் சின்னதாகத் தெரியும்.

100 மெகாபிட் லைனில் ஒரு சர்வர். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருள் அதிலிருந்து பெரிய ஃபைல்களை அனுப்புகிறது. நாலைந்து பேர் சேர்ந்து டவுன்லோட் போட்டால், தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் திணறுகிறது. தட்டிய எழுத்து திரைக்கு வரவே நேரமாகிறது.

என்ஜின்எக்ஸிலேயே லிமிட் ரேட் இருக்கிறதே என்பீர்கள். அது ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் தனித்தனி வரம்பு. ஒருவரே பத்து டவுன்லோட் திறந்தால் பத்து மடங்கு போகும். மொத்தமாகப் பிடித்து நிறுத்த, லினக்ஸின் மையமான கெர்னலிடம்தான் போக வேண்டும். அதற்கான கருவி டிசி, அதாவது டிராஃபிக் கண்ட்ரோல். நான் போடப்போகும் க்யூ, அதாவது பாக்கெட்டுகள் காத்திருக்கும் வரிசை, ஹெச்டிபி வகை. அது லைனின் வேகத்தைக் கிளாஸ் கிளாஸாகப் பிரித்துக் கொடுக்கும்.

மேலே ஒரு தாய் கிளாஸ், 95 மெகாபிட். ஏன் 100 இல்லை? க்யூ நம் மெஷினில் சேர்ந்தால்தான் யார் முதலில் போவது என்று நாம் முடிவு செய்யலாம். வெளியே இருக்கும் ரவுட்டரில் சேர்ந்தால் நம் பேச்சு எடுபடாது. அடியில் இரண்டு பிள்ளைகள். வெப்புக்கு ரேட் 40, சீல் 60. மற்றதுக்கு ரேட் 55, சீல் 95. ரேட் என்பது உறுதியாகக் கிடைப்பது. லைன் சும்மா இருந்தால் சீல் என்ற உச்சவரம்பு வரை கடன் வாங்கிக்கொள்ளலாம். இரண்டின் கீழும், எல்லாருக்கும் நியாயமாக முறை கொடுக்கும் எஃப்க்யூ கோடெல் என்ற க்யூவைப் போட்டுவிடுங்கள். பெரிய டவுன்லோடுக்குப் பின்னால் சின்னப் பக்கங்கள் மாட்டிக்கொள்ளாது.

இப்போது கவனியுங்கள். டிசியில் 'எம்பிட்' என்றால் மெகாபிட். 'எம்பிபிஎஸ்' என்றால் மெகாபைட்! 40 எம்பிபிஎஸ் என்று அடித்தால் அது 320 மெகாபிட். இந்தப் பெயரை வைத்தவரை என்ன சொல்வது?

அப்புறம் ஃபில்டர், அதாவது எந்தப் பாக்கெட் எந்தக் கிளாஸுக்கு என்று பிரிக்கும் விதி. பாக்கெட் வெளியே போகிறது, அதனால் ஹெச்டிடிபிஎஸ் போர்ட்டான 443, சோர்ஸ் போர்ட்டில் இருக்கும். டெஸ்டினேஷனில் தேடினால் எதுவும் சிக்காது. ஐபிவி4-க்கு மட்டும் எழுதினால் ஐபிவி6-இல் வருகிறவர்கள் வரம்பைத் தொடாமல் போவார்கள். அதற்கும் ஒரு ஃபில்டர் வேண்டும். மற்றதுக்கான கிளாஸை டிஃபால்ட் என்றும் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் எதிலும் சேராதது முழு வேகத்தில் ஓடும்.

சரி, பிடிக்கிறதா என்று பார்க்க, டிசி மைனஸ் எஸ் கிளாஸ் ஷோ டெவ், கூடவே உங்கள் இன்டர்ஃபேஸின் பெயர். வெப் கிளாஸின் சென்ட் எண் ஏறவில்லையென்றால் ஃபில்டரில்தான் கோளாறு.

இதெல்லாம் வெளியே போகும் டிராஃபிக்குக்கு மட்டும். மற்றவர்கள் சர்வருக்கு அனுப்பும் அப்லோடை இதே மாதிரி க்யூ போட்டு மட்டுப்படுத்த ஐஎஃப்பி என்ற மெய்நிகர் இன்டர்ஃபேஸ் வேண்டும், அது தனி வீடியோ.

தூரத்து சர்வரில் செய்கிறீர்களா? முதலில், ஐந்து நிமிடம் கழித்து ரூட் க்யூவை, அதாவது நாம் போட்ட மொத்த அமைப்பையும், நீக்கும் கமாண்டைப் பின்னணியில் ஓடவிடுங்கள். எஸ்எஸ்ஹெச் செத்தாலும் திரும்ப நுழையலாம். எல்லாம் ஒழுங்காக ஓடினால் அதை நிறுத்திவிட்டு, இந்தக் கமாண்டுகளை பூட் ஆகும்போது தானே ஓடும் சிஸ்டம்டி சர்வீஸில் போடுங்கள். ரீபூட் ஆனால் டிசி எதையும் நினைவில் வைத்திருக்காது.