ஐந்து டாலர் அபராதம்

நேயர்களுக்கு வணக்கம். தடுப்பூசி வேண்டாம் என்பவரை ஒரு மாநிலச் சட்டம் என்ன செய்யலாம்? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் அமெரிக்காவில் 1905-ஆம் ஆண்டின் ஒரு தீர்ப்பைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 1902-இல் பெரியம்மை பரவியது. எல்லாரும் அம்மை குத்திக்கொள்ள வேண்டும் என்று நகரச் சுகாதார வாரியம் உத்தரவிட்டது. மாநிலச் சட்டம் அதற்கு அந்த அதிகாரத்தைத் தந்திருந்தது. ஹென்னிங் ஜேக்கப்சன் என்ற பாதிரியார் மறுத்தார். சிறு வயதில் அம்மை குத்திக்கொண்டு மிகவும் அவதிப்பட்டதாகச் சொன்னார். வீம்புக்கு மறுத்தார் என்று ஒதுக்கிவிட முடியாது. அபராதம் 5 டாலர். கட்ட மறுத்து உச்ச நீதிமன்றம் வரை போனார், தோற்றார். 7 நீதிபதிகள் மாநிலத்தின் பக்கம், 2 பேர் எதிர்ப்பு.

சரி, ஆனால் ஒன்றைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அவரைப் பிடித்து உட்காரவைத்து ஊசி குத்தும்படி அந்தச் சட்டம் சொல்லவில்லை. மறுத்தால் பணம் கட்ட வேண்டும், அவ்வளவுதான். உடல்நிலை தாங்காத ஒருவரை வற்புறுத்துவது கொடுமையாகிவிடலாம் என்றும் நீதிபதிகள் எழுதினார்கள்.

அந்த எல்லைக்கோட்டை 1927-இல் அதே நீதிமன்றம் அழித்தது. 'மனவளர்ச்சி குறைந்தவர்' என்று முத்திரை குத்தப்பட்ட கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய வர்ஜீனியா மாநிலச் சட்டம் வழிவிட்டது. கட்டாயத் தடுப்பூசிக்குப் பொருந்தும் கொள்கை கருக்குழாயை வெட்டுவதற்கும் பொருந்தும் என்று நீதிபதி ஹோம்ஸ் எழுதினார். ஆதாரமாகக் காட்டியது ஜேக்கப்சன் தீர்ப்பை! ஐந்து டாலர் எங்கே, அறுவைக் கத்தி எங்கே? கட்டாயம் என்றாலே மக்கள் பதறுவதில் நியாயம் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

நம் உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்று இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தது: யாரையும் வற்புறுத்தித் தடுப்பூசி போடக்கூடாது, பொது நலனுக்காகக் கட்டுப்பாடு விதிக்கலாம், அது அளவோடு இருக்க வேண்டும்.

இப்போது காற்று மறுபக்கம் அடிக்கிறது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் 2025-இல் 'மருத்துவச் சுதந்திரச் சட்டம்' கொண்டுவந்தது. தடுப்பூசி போன்ற சிகிச்சைகளை நிபந்தனையாக்க வணிக நிறுவனங்களுக்கும் பள்ளிகளுக்கும் பெரும்பாலும் தடை. சட்டத்தின் முதல் வடிவத்தை ஆளுநர் பிராட் லிட்டிலே திருப்பி அனுப்பினார். தொற்றுநோயோடு வகுப்புக்கு வரும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பப் பள்ளிக்கு அதிகாரம் இருக்காதே என்பது அவர் கவலை. அதைச் சரிசெய்த பிறகுதான் கையெழுத்திட்டார்.